நாற்றுக்குத் தெரிந்த வித்தை நமக்குத் தெரியாது! செல்லுக்குள் நடக்கும் டி.என்.ஏ ரிப்பேர்

உத்திரமேரூர் பக்கம் நடவு நாளில், பெண்கள் குனிந்த முதுகில் வெயிலை வாங்கிக்கொண்டே நாற்று நடுகிறார்கள். அதே வெயில் கையிலிருக்கும் நாற்றின் மீதும் விழுகிறது. இரண்டுக்கும் நடக்கும் சேதம் ஒன்றுதான். சரிசெய்யும் விதம்தான் வேறு.

டி.என்.ஏ என்பது ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துகளால் ஆன நீளமான சுவடி. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு ‘டி’க்கள் ஒட்டிக்கொள்ளும். செல் பிரியும் முன் சுவடியைப் படியெடுத்தாக வேண்டும். ஒட்டிக்கிடக்கும் இடத்தில் தப்பான எழுத்து விழுந்து, அப்படியே நிலைத்துவிட்டால் அதுதான் மியூட்டேஷன். அதன்பின் பிறக்கும் செல்களுக்கு அந்தத் தப்பான எழுத்தே சரியான எழுத்து!

நெற்பயிரிடம் இதற்கு ‘ஃபோட்டோலயேஸ்’ என்ற புரதம் இருக்கிறது. வெளிச்சத்திலிருந்தே சக்தியை எடுத்து, ஒட்டிய எழுத்துகளைப் பிரித்துவிடும். கெடுத்த வெயிலே சரியும் செய்கிறது. கங்காருவுக்குக்கூட இது உண்டு, மனிதனுக்கு இல்லை. நம் செல்கள் பழுதான இடத்தைச் சுற்றி சுமார் 30 எழுத்துகளை வெட்டியெடுத்து, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதுகின்றன. இந்த வேலையை விளக்கிய அஸிஸ் சான்ஜாருக்கு, தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச் ஆகியோருடன் 2015-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் தோலின் கறுப்பு நிறமியும் வெயிலை ஓரளவு தடுக்கிறது. அதனால் நம் ஊரில் தோல் புற்றுநோய் குறைவு. பெரிய ஆபத்து முதுகில் இல்லை, இடுப்புச் சுருக்குப்பையில் இருக்கிறது. புகையிலை!

களைப்புக்கும் பசிக்கும் என்று வாயில் அடக்கும் புகையிலையில் நைட்ரோசமைன்கள் உள்ளன. இவை உடலுக்குள் மாறி, ‘ஜி’ எழுத்தில் வேண்டாத ஒன்றை ஒட்டவைக்கின்றன. அதை நீக்கும் புரதம் ஒரு விநோதப் பிறவி. ஒரு பழுதை நீக்கியதும் தானே செயலிழந்துவிடும். அடுத்த பழுதுக்குப் புதிதாக இன்னொன்றை செல் தயாரிக்க வேண்டும். நாள் முழுக்கக் கன்னத்தில் புகையிலை ஊறினால் எத்தனையைத்தான் தயாரிக்கும்?

தப்பிய பழுதுகள் ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன. பழுது மிஞ்சினால் செல்லை நிறுத்தும், தேவைப்பட்டால் சாகச் சொல்லும் ‘பி53’ மரபணுவிலேயே பிழை விழும்போது கடிவாளம் அறுந்துவிடுகிறது. வாய்ப் புற்றுநோய்க்கு இது முக்கியமான வழி.

புகையிலையை விட்டால் விழுந்த பிழைகள் மறையாது. ஆனால், அதிலிருந்து வரும் புதிய பழுதுகள் நிற்கும். புற்றுநோய் ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு குறையும். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாமை... இவற்றில் ஒன்று இருந்தாலும் வலிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாயைக் காட்டலாம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலேயே அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.