ஓய்வில் நிற்கும் டிராக்டரின் பேட்டரி

செல்லூரைத் தாண்டி வைகை வடகரைக் கிராமங்களில், கோடையில் டிராக்டர்கள் வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்பதுண்டு. பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் சாவியைத் திருப்பினால் எஞ்சின் கிளம்பாது. முதல் உழவு தள்ளிப்போகும்.

சும்மா இருக்கும் பேட்டரியும் தானாகவே சார்ஜ் இழக்கும். வெயில் ஏற ஏற இழப்பும் கூடும். சார்ஜ் இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய சக்தி வராது.

ஆகவே முழுச் சார்ஜ் ஏற்றியபின் நெகடிவ் வயரை முதலில் கழற்றி வையுங்கள். மாட்டும்போது அது கடைசி. மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்கவும். முழுச் சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் இருக்கும், 12.4 ஆகக் குறைந்தால் மீண்டும் ஏற்றவேண்டும். 80 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 8 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். மூடி திறக்கும் வகையானால், தகடுகள் மூழ்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றலாம். கிணற்று நீர் ஆகாது, ஆசிட்டும் ஆகாது.

வாரம் ஒருநாள் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்பார்கள். கிளப்பச் செலவானது ஈடானாலே பெரிது, பேட்டரி நிறையாது. சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பதும் இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்குப் பொருந்தாது.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள்.