படிகாரத் தண்ணீர் குடித்த பந்தல்

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்தளத்தில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பற்றியது. மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முன், 1997 ஜூன் 7 அன்று, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து 40 பேருக்கு மேல் பலியானார்கள்.

பந்தலில் தீ ஏன் இப்படிப் பாய்கிறது? சூடான வாயு மேலே ஏறும். கூரையில் முட்டியதும் பக்கவாட்டில் பரவும். தீ எட்டாத மூலையும் அதற்குள் சூடேறி எரியத் தயாராகிவிடும். கூரை 3 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று பந்தல்களுக்கான இந்தியத் தர விதி (ஐ.எஸ். 8758) சொல்வது இதனால்தான்.

உண்மையில் சுடர்விட்டு எரிவது பந்தலின் துணியோ கீற்றோ அல்ல. பருத்தியும் கீற்றும் செல்லுலோஸ், அதாவது தாவர நாரின் மூலப்பொருள். சுமார் 300 டிகிரி செல்சியஸில் அது சிதைந்து ஆவியாகிறது. எரிவது அந்த ஆவி. ஆவியைத் தடுத்தால் சுடருக்குத் தீனி இல்லை.

அதற்கான கரைசல் வியப்பூட்டும் அளவுக்கு எளியது. 35 லிட்டர் தண்ணீருக்கு அம்மோனியம் சல்பேட் 4 கிலோ, அம்மோனியம் கார்பனேட் 2, படிகாரம் 2, வெண்காரம் 1, போரிக் அமிலம் 1. முதலாவது, வயலுக்குப் போடும் உரம்! சூடுபட்டதும் அது அமிலமாக மாறி, செல்லுலோஸிலிருந்து தண்ணீரைப் பிரித்து, எரியும் ஆவிக்குப் பதிலாகக் கரியை உண்டாக்குகிறது. இந்தக் கரைசலில் முக்கிப் பதப்படுத்திய துணி சாதாரணத் துணியைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகும். சீக்கிரம் கருகுவதுதான் அதன் காப்பு! வெண்காரமும் போரிக் அமிலமும் உருகி நார்மேல் கண்ணாடிப் படலமாகப் படிகின்றன. படிகாரத்தின் எடையில் ஏறக்குறைய 45 விழுக்காடு தண்ணீர். சூட்டை வாங்கிக்கொண்டு அது நீராவியாகப் போகிறது. கார்பனேட்டிலிருந்து கிளம்பும் வாயுக்கள் ஆக்சிஜனை நீர்க்கச் செய்கின்றன. இத்துணியின் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினால் அந்த இடம் கறுக்கும். குச்சியை எடுத்ததும் தீ தங்காது.

பாலியெஸ்டர் துணிக்கு இந்த வித்தை பலிக்காது. அது கரைசலை உறிஞ்சாது. உருகி, எரியும் சொட்டுகளாகத் தலையில் விழும். செயற்கை இழைத் துணியும் கயிறும் பந்தலுக்கு ஆகாது என்கிறது அதே விதி.

கல்யாணம் பேசும்போது பந்தலின் நீளத்தையும் பூ அலங்காரத்தையும் விசாரிக்கிறோம். துணியைக் கரைசலில் முக்கினீர்களா என்றும் பந்தல்காரரைக் கேட்டாக வேண்டும். போன மாதம் முக்கியது என்றால் போதாது. கரைசலில் உள்ளவை எல்லாம் தண்ணீரில் கரையும் பொருள்கள். ஒரு மழையில் நனைந்த துணியை மறுபடி முக்கி, காயவைத்த பிறகே கட்ட வேண்டும்.