ஹாஸ்டல், கேன்டீன், முகாம்... கூட்டமாகச் சாப்பிடும் இடங்களைக் குறிவைக்கும் நோரோ வைரஸ்!

முந்தின நாள் மெஸ்ஸில் எல்லோருடனும் சேர்ந்து சாப்பிட்ட பிள்ளைக்கு, விடிவதற்குள் வாந்தி. மறுநாள் அதே அறையில் இன்னொருவருக்கு. அதற்கடுத்த நாள் பக்கத்து அறைகளிலும் வயிற்றுப்போக்கு. 'சாம்பார்ல ஏதோ கோளாறு' என்று எல்லோரும் சமையலறையைக் குறை சொல்வார்கள். சில நேரங்களில் சாம்பார் மீது தவறே இருக்காது. பரிமாறிய கையிலும் கழிவறைக் கதவின் கைப்பிடியிலும் ஒட்டியிருந்த நோரோ வைரஸ்தான் இத்தனைக்கும் காரணமாக இருக்கும்.

2021 நவம்பரில் கேரளாவின் வயநாடு மாவட்டம் பூக்கோட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு இந்தத் தொற்று உறுதியானது. 2023 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டம் காக்கநாட்டில் ஒரு பள்ளியில் 19 குழந்தைகளுக்கு அறிகுறிகள் தெரிய, பரிசோதனையில் இருவருக்கு நோரோ வைரஸ் உறுதி செய்யப்பட்டது.

இந்த வைரஸுக்குப் பெயர் வந்ததே ஒரு பள்ளிக்கூடத்தால்தான். 1968-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் நார்வாக் நகரில் ஒரு தொடக்கப்பள்ளியில் கொத்தாகப் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 1972-ல் விஞ்ஞானிகள் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அந்தக் கிருமியைக் கண்டறிந்தார்கள். ஊர்ப் பெயரே கிருமியின் பெயரானது.

ஏன் இவ்வளவு வேகம்?

நூறுக்கும் குறைவான வைரஸ் துகள்கள் உள்ளே போனாலே போதும், நோய் வந்துவிடும். 12 முதல் 48 மணி நேரத்தில் அறிகுறிகள் ஆரம்பிக்கும். பெரும்பாலானோருக்கு ஒன்று முதல் மூன்று நாள்களில் சரியாகிவிடும். ஆனால், உடம்பு தேறிய பிறகும் இரண்டு வாரங்களோ அதற்கு மேலோகூட மலத்தில் வைரஸ் வெளியேறலாம். குழந்தைகளையும் முதியவர்களையும் நீரிழப்பு படுத்திவிடும். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பேர் இதனால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

கடலூர் - சிதம்பரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து எளிதாகப் புரியும். குடிகாட்டை ஒட்டிய சிப்காட்டில் ஷிஃப்ட் முறையில் வேலை, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விடுதி வாழ்க்கை, புயல் வந்தால் கடலோர மக்களுக்குப் பாதுகாப்பு மையம். எங்கும் ஒரே சமையல், பலர் புழங்கும் கழிவறை. 2005-ல் கத்ரீனா புயலுக்குத் தப்பி அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர முகாமில் தங்கியவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தது. பரிசோதனையில் தெரியவந்தது, நோரோ வைரஸ்தான்.

சானிடைசர் போதாது!

கொரோனா காலத்தில் பழகிய சானிடைசர் இங்கே அவ்வளவாகக் கைகொடுக்காது. சோப்பு போட்டு 20 விநாடிகள் தேய்த்து, ஓடும் நீரில் கழுவ வேண்டும். கழிவறைக்குப் போய் வந்ததும், சமைக்கும் முன்பும், சாப்பிடும் முன்பும் இது கட்டாயம்.

யாராவது வாந்தி எடுத்தால் வெறும் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதாது. கையுறை போட்டு, பழைய துணியால் அள்ளி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு, 5 சதவிகித ப்ளீச் திரவத்தை லிட்டருக்கு 20 மி.லி வீதம் தண்ணீரில் கலந்து தரையிலும் கைப்பிடிகளிலும் பூசி, குறைந்தது 5 நிமிடங்கள் விட வேண்டும். ஆசிட்டோடு ப்ளீச்சைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

இதற்கென்று தனி மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. உடம்பில் நீர் குறையாமல் பார்ப்பதே சிகிச்சை. ஓ.ஆர்.எஸ் பாக்கெட் கையில் இல்லையென்றால், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து அடிக்கடி கொடுக்கலாம். சிறுநீர் குறைவது, மயக்கம், மலத்தில் ரத்தம், குழந்தை சோர்ந்து கிடப்பது... இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சமைப்பவருக்கு இரண்டு நாள்

வாந்தி, பேதி நின்ற பிறகும் குறைந்தது 48 மணி நேரம் மற்றவர்களுக்குச் சமைக்கவோ பரிமாறவோ கூடாது. மிகச் சுலபமாகத் தோன்றும் இந்த விதிதான் நடைமுறையில் முதலில் உடையும். தினக்கூலிக்கு வரும் சமையல்கார அம்மாவுக்கு லீவு என்றால் அன்றைய சம்பளம் போச்சு. வயிற்றைப் பிடித்துக்கொண்டாவது வேலைக்கு வந்துவிடுவார். 'உடம்பு சரியில்லை' என்று வாய் திறக்க மாட்டார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பிள்ளையை விடுதியில் சேர்க்கும்போது சாப்பாடு ருசியாக இருக்குமா என்று விசாரிக்கும் பெற்றோர், இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். கை கழுவும் இடத்தில் எந்நேரமும் சோப்பு இருக்கிறதா? சமைப்பவருக்கு உடம்பு முடியாவிட்டால் சம்பளத்தோடு லீவு உண்டா? அந்த இரண்டு நாள் சம்பளத்தை மிச்சம்பிடித்தால், விடுதி முழுக்க படுத்துவிடலாம்!