ஆப்பிள் டோனட்டும் ஐப்பசி மழையும்

(ஒலிபரப்பான பகுதியின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

பின்னாடி ஒரு சத்தம் கேக்குதுல்ல, அது ஒலிப்பதிவுக் கோளாறு இல்லை. மழை. பேச்சிப்பாறையில ஒரு வீட்டு அடுக்களையில உக்காந்து இதைப் பதிவு பண்றோம். தகரக் கூரை. அதனால சத்தத்தை ஒண்ணும் பண்ண முடியலை, பொறுத்துக்கோங்க.

இன்னைக்குப் பேசப்போறது ஆப்பிள் டோனட். கருவாப்பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு வீட்டுலயே அவனில் சுடுறது. "பேச்சிப்பாறைக்கும் ஆப்பிளுக்கும் என்னய்யா சம்பந்தம்"னு நீங்க கேப்பீங்க. எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்துச்சு.

இந்த வீட்டு அக்கா தன்னோட பேரு வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. ஐப்பசி, கார்த்திகை மழை பிடிச்சுதுன்னா பால்வெட்டு நின்னுடும். பட்டை வழியா இறங்குற மழைத்தண்ணி வெட்டின இடத்துல பாலைக் கலைச்சு விட்டுடும், சிரட்டையிலயும் பாலோட தண்ணி நிறைஞ்சுடும். ஈரமான வெட்டுல மரத்துக்கு நோயும் வரும். பிளாஸ்டிக் மழைக்காப்பு கட்டின மரத்துல கொஞ்சம் சமாளிக்கலாம். விடாம அடிக்கிற மழையில அதுவும் நடக்காது. வெட்டு இல்லைன்னா கூலி இல்லை. அந்த நாட்கள்ல வீட்டுச் செலவுக்காகத்தான் அக்கா மகளிர் குழுக் கடன்ல ஒரு சின்ன அவன் வாங்கினாங்க.

ஏன் ஆப்பிள்?

ஆப்பிள் டோனட் அமெரிக்காவோட இலையுதிர்காலப் பண்டம். அங்க செப்டம்பர், அக்டோபர்ல ஆப்பிள் அறுவடை. தோட்டத்துலயே பழத்தைப் பிழிஞ்சு சாறு எடுப்பாங்க, அந்தச் சாறை ஊத்தி டோனட் பொரிப்பாங்க. 1920-ல நியூயார்க்கில் டோனட் பொரிக்கிற இயந்திரத்தைக் கொண்டுவந்த அடால்ஃப் லெவிட் தொடங்கின நிறுவனம், 1951-ல ஆப்பிள் சாறு டோனட்டைக் கடைக்குக் கொண்டுவந்துச்சு. அதுக்கு அப்புறம் அது அந்தப் பருவத்தோட அடையாளமாவே ஆயிடுச்சு.

நமக்கு இலையுதிர்காலம் கிடையாது. ஆனா இமாச்சல், காஷ்மீர் ஆப்பிள் அறுவடை நம்ம ஐப்பசி வரைக்கும் நீளும். அந்த லாரிகள் நாகர்கோவில் வடசேரி சந்தைக்கு வந்து சேருற காலத்துலதான் ஆப்பிள் விலை கொஞ்சம் இறங்கும். அதுல போடுற மசாலாவுக்கு நாம எங்கயும் போக வேண்டாம். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைன்னு இந்த மேல்மலைகள்ல விளையுறது அது. ஆக, பழம் வடக்கே இருந்து வருது, மணம் இங்கேயே இருக்கு.

திரும்பி வந்த 31 டோனட்

போன வருஷம் ஐப்பசியில அக்கா 40 டோனட் செஞ்சு பக்கத்து முக்குல இருக்கிற ஒரு சாயாக்கடைக்குக் கொடுத்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு 31 திரும்பி வந்துச்சு.

"ஏங்க்கா, என்ன ஆச்சு?"

"மேல ஒரே பிசுபிசுப்பு மக்ளே. கையில ஒட்டுது. நடுவுல வேகவே இல்ல. ரெண்டுல பூசணமும் பிடிச்சாச்சு. கடைக்காரரைக் குத்தம் சொல்ல முடியுமா? எனக்கே வாயில வைக்க முடியல. அந்த வாரம் குழுவுல தவணை கட்டணும். இவரு வெட்டுக்குப் போய் 17 நாளாச்சு. அந்த 31-ஐயும் வாழை மூட்டுல கொட்டிட்டு, அவனை வித்துடலாமான்னு யோசிச்சேன்."

இணையத்துல கிடைச்ச செய்முறையை அப்படியே செஞ்சிருக்காங்க. செய்முறையில தப்பு இல்லை. அது காஞ்ச காத்து அடிக்கிற ஊருக்காக எழுதினது. இங்க ஐப்பசியில துணி மூணு நாள் ஆனாலும் காயாது. அக்கா பிறகு கண்டுபிடிச்சது ஒரே விஷயம்தான்: டோனட்டைக் கெடுக்கிறது தண்ணி. அதுவும் மூணு இடத்துல இருந்து வருது. பழத்துக்குள்ள இருக்கிற தண்ணி, சூட்டுல கிளம்புற ஆவி, மழைக்காத்துல இருக்கிற ஈரம். ஒவ்வொண்ணா பாப்போம்.

முதல் தண்ணி: பழத்துக்குள்ள

ஆப்பிள்ல நூத்துக்கு எண்பத்தஞ்சு பங்கு தண்ணிதான். பச்சையா துருவி மாவுல போட்டா, கலக்கும்போது ஒண்ணும் தெரியாது. அவன் சூட்டுல பழம் தளர்ந்து தண்ணியை விடும். வெளிப்பக்கம் சிவந்து வந்திருக்கும், உள்ள களி மாதிரி கிடக்கும். வேகலைன்னு இன்னும் அஞ்சு நிமிஷம் வெச்சா மேல் கருகும், உள்ள அப்படியேதான் இருக்கும்.

அதனால பழத்தை முதல்லயே வத்த வைக்கணும். தோலும் விதையும் நீக்கின ஆப்பிள் துருவல் 280 கிராம்னா, அது பாதியா குறையுற வரைக்கும் அடிகனமான சட்டியில மிதமான தீயில கிளறணும். கரண்டியால நடுவுல ஒரு கோடு இழுத்தா, அந்தக் கோடு மூடாம நிக்கணும். அதுதான் பக்குவம். வத்தும்போது பழத்தோட இனிப்பும் புளிப்பும் சேந்து அடர்த்தியாகும். அமெரிக்காக்காரங்க சாறைச் சுண்டக் காய்ச்சுறதும் இதுக்குத்தான். நம்ம சந்தையில வர்ற சிவப்பு ஆப்பிள்ல புளிப்பு கம்மி. அதனால அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சாத்தான் அது ஆப்பிள்னே நாக்குக்குத் தெரியும்.

கருப்பட்டி சேக்குறதா இருந்தா இன்னொரு சிக்கல் இருக்கு. மண் போக வடிகட்டணும், அதுக்குத் தண்ணி விட்டு இளக்கணும். வெளியேத்தின தண்ணி திரும்பவும் உள்ள வந்துடும். அக்கா என்ன பண்றாங்கன்னா, கருப்பட்டியை ரெண்டு கரண்டித் தண்ணியில இளக்கி வடிகட்டி, வத்திக்கிட்டிருக்கிற ஆப்பிள்லயே ஊத்திடுறாங்க. ரெண்டும் ஒண்ணா வத்திடும்.

இது ஒண்ணும் புதுசு இல்லை. நம்ம முந்திரிக்கொத்தை நினைச்சுப் பாருங்க. அதுல பயறை வறுத்துப் பொடிக்கிறோம், சர்க்கரையைப் பாகு காய்ச்சுறோம், தேங்காயைக்கூட ஈரம் போக வறுக்கிறோம். எல்லாத்துலயும் தண்ணியை எடுத்த பிறகுதான் உருட்டிப் பொரிக்கிறது. அதனாலதான் அது பல நாள் கெடாம இருக்கு. நம்ம பாட்டிமார்களுக்குத் தெரிஞ்ச கணக்குதான் இது.

மசாலா

முதல் தடவை அக்கா 10 கிராம்பு போட்டிருக்காங்க. "பல்லுவலிக்கு மருந்து வெச்ச மாதிரி இருக்கு"ன்னு அவங்க மகன் சொல்லியிருக்கான். அவன் சொன்னது சரிதான். கிராம்புல இருக்கிற யூஜினால்ங்கிற எண்ணெய்ப் பொருள் பல்வலிக்குப் பயன்படுறதுதான், நாக்கை மரக்கச் செய்யும். 10 டோனட்டுக்கு 3 கிராம்பு போதும். கருவாப்பட்டைத் தூள் 1 தேக்கரண்டி, சுக்குத்தூள் கால் தேக்கரண்டி, ஜாதிக்காய் ரெண்டு உரசல்.

இந்த மணங்கள் எல்லாம் தண்ணியைவிட நெய்யில நல்லா கரையும். அதனால பொடியை மாவுல நேரா கொட்டாம, உருக்கின நெய்யில போட்டு, அடுப்பை அணைச்சுட்டு அஞ்சு நிமிஷம் மூடி வைங்க. நாம தாளிக்கிறதும் இதே காரணத்துக்குத்தான்.

அளவும் செய்முறையும்

10 சின்ன டோனட்டுக்கு: மைதா 180 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. கருப்பட்டி 90 கிராம், ஆப்பிள் துருவல் 280 கிராம். ரெண்டையும் சேத்து வத்தவெச்ச விழுது 230 கிராம் அளவுக்கு வரணும். முட்டை 1, நெய் 50 கிராம், புளிச்ச தயிர் 3 மேசைக்கரண்டி. தயிரோட புளிப்பு பட்டாத்தான் சோடா வேலை செய்யும்.

விழுது நல்லா ஆறினதும் முட்டை, தயிர், மசாலா நெய் சேத்து அடிங்க. மைதா வகையறாவை ரெண்டு தடவை சலிச்சு இதுல கொட்டி, வெள்ளை மாவு மறையுற வரைக்கும் மட்டும் கலக்குங்க. அதுக்கு மேல கலக்கினா மைதாவுல இழுவை வந்துடும், டோனட் ரப்பர் மாதிரி ஆகும். இந்த ஊர்ல அதுக்கு வேற ரப்பர் இருக்கு.

நெய் தடவின டோனட் அச்சுல முக்கால் பங்கு நிரப்பி, முன்னாடியே சூடேத்தின அவனில் 180 டிகிரியில 12 முதல் 14 நிமிஷம். ஈர்க்கு குத்திப் பாத்தா ஒட்டாம வரணும். அச்சுல அந்த ஓட்டை எதுக்குன்னா, உளுந்தவடையில கட்டைவிரலால ஓட்டை போடுறது எதுக்கோ அதுக்குத்தான். நடுவுக்கும் சூடு போகணும்.

மழையில கரண்ட் போகுமே? போகும். அதுக்கு ஒரு கனமான பெரிய பானையில ஒரு அங்குலத்துக்கு உப்பைப் பரப்பி, மேல ஒரு ஸ்டாண்டு வெச்சு, மூடி 10 நிமிஷம் சூடேத்துங்க. உலோக அச்சை உள்ள வெச்சு, சின்ன தீயில ஏறக்குறைய 20 நிமிஷம். தண்ணி ஊத்தக் கூடாது. பிரஷர் குக்கர்ல செய்றவங்க வாஷரையும் வெயிட்டையும் கண்டிப்பா கழட்டிடணும்.

ரெண்டாவது தண்ணி: ஆவி

"31 திரும்பி வந்ததுக்குப் பாதிக் காரணம் என் அவசரம்தான்"னு அக்கா சொல்றாங்க. சூடா எடுத்து அப்படியே டின்னுல போட்டு மூடியிருக்காங்க. உள்ள இருந்த ஆவி மூடியில தண்ணியா படிஞ்சு, டோனட் மேலயே சொட்டிடுச்சு. பூசணத்துக்கு வேற என்ன வேணும்?

இப்ப அச்சுல அஞ்சு நிமிஷம் விட்டு, இடியாப்பத் தட்டைக் கவுத்து அதுமேல அடுக்குறாங்க. ஓட்டை வழியா அடியிலயும் காத்து போகும். ஒரு மணி நேரம் ஆகும். கையால தொட்டா சூடே தெரியக் கூடாது, அப்புறம்தான் டின்.

மூணாவது தண்ணி: காத்து

படத்துல பாக்குற டோனட் மேல சர்க்கரை மினுங்கும். மழைக்காலத்துல அதே சர்க்கரைதான் வினை. காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து, இளகி, பாகு மாதிரி வழிஞ்சுடும். கடைக்குக் கொடுக்கிறதுக்கு அக்கா இப்ப சர்க்கரையே புரட்டுறது இல்லை. வீட்டுல சாப்பிடுறதுன்னா, பரிமாறும்போது மேல லேசா நெய் தொட்டு, 3 மேசைக்கரண்டி சர்க்கரையும் 1 தேக்கரண்டி கருவாப்பட்டைத் தூளும் கலந்ததுல புரட்டிக்கலாம்.

இவ்வளவு பாத்தாலும் இது முந்திரிக்கொத்து மாதிரி நாள் தாங்காது. மாவுக்குள்ள பழமும் முட்டையும் இருக்கு. அதனால காலையில சுட்டதைக் காலையிலயே கொடுத்துட்டு, மறுநாள் மதியத்துக்கு மேல மிச்சம் இருந்தா அக்காவே திரும்ப எடுத்துக்கிறாங்க. 40 கேட்டாலும் 30-தான் சுடுறாங்க.

ஆப்பிள் இல்லாத நாள்ல?

விலை ஏறினா ஏத்தம்பழம். அதுல தண்ணி ஆப்பிளைவிடக் கம்மி. துருவி நெய்யில ஈரம் சுண்ட வதக்கினா போதும். இனிப்பு கூடுதல், அதனால கருப்பட்டி 60 கிராமாக் குறைச்சுக்கலாம். எலுமிச்சையை மட்டும் விட்டுடாதீங்க. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம மட்டிப்பழத்தைப் போடலாமான்னு நான் கேட்டேன்.

"மட்டியை எதுக்கு மக்ளே அடுப்புல வைக்க? அதோட மணமே போயிரும். அதை உரிச்சுத் தின்னணும்."

சரியான பதில்.

முடிக்கிறதுக்கு முன்னாடி, வியாபாரம் எப்படின்னு கேட்டேன். "பெருசா ஒண்ணும் இல்ல. தவணை அடையுது. மழை நாள்ல அரிசிக்குக் கடன் சொல்ல வேண்டாம். அது போதும்"னாங்க. வீட்டுக்காரர் திண்ணையில உக்காந்து அணை நீர்மட்டம் எவ்வளவுன்னு போன்ல பாத்துக்கிட்டிருந்தார். மழை விட்டா மறுநாள் விடியும் முன்னாடியே அவர் வெட்டுக்குக் கிளம்பணும். இப்போதைக்கு ஆப்பிள் தோல் சீவுறது அவர் வேலை.

நீங்க வீட்டுல செஞ்சு பாத்தா, எந்தத் தண்ணி உங்களைக் கவுத்துச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த பகுதியில சந்திப்போம்.