சாலை சாய்ந்தால் கார், இறக்கை சாய்ந்தால் விமானம்

லண்டனுக்குத் தென்மேற்கே வெய்பிரிட்ஜ் என்றொரு ஊர். பழைய கார் பிரியர்களின் கிளப் ஒன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது, உறவினரின் காரில் நானும் தொற்றிக்கொண்டேன். முன்னால் போன மோரிஸ் ஆக்ஸ்போர்டைப் பார்த்ததும் நம்மூர் அம்பாசிடர் ஞாபகம் வந்துவிட்டது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசுதானே அம்பாசிடர்! விமானங்கள் பார்க்கத்தான் புரூக்லேண்ட்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனோம். என்னை முதலில் நிறுத்தியதோ ஒரு கான்கிரீட் சுவர்.

கிட்டே போனால் அது சுவரல்ல, சாலை. கார் பந்தயத்துக்கென்றே கட்டி 1907-இல் திறந்த, உலகின் முதல் தடங்களுள் ஒன்று. ஒரு சுற்று சுமார் 4.4 கிலோமீட்டர், அகலம் 30 மீட்டர். வளைவுகளில் வெளி ஓரம் மூன்று மாடி உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. பாசி பிடித்து, ஒட்டுப்போட்டுக் கிடக்கும் அந்தச் சரிவில் பத்தடி ஏறினேன். அதற்கு மேல் கையை ஊன்றாமல் நிற்க முடியவில்லை.

சாலையை ஏன் இப்படிச் சாய்த்தார்கள்? பஸ் வேகமாக வளையும்போது நாம் வெளிப்பக்கம் சாய்கிறோம். உடல் நேராகப் போகப் பார்க்கிறது. பஸ் நம்மை உள்பக்கம் இழுக்கிறது. சமதளச் சாலையில் பஸ்ஸுக்கு அந்த இழுப்பைத் தருவது டயரின் உராய்வு மட்டுமே. வேகம் இரட்டித்தால் தேவைப்படும் இழுப்பு நான்கு மடங்கு. டயர் எவ்வளவுதான் தாங்கும்? சாலையையே சாய்த்துவிட்டால், வண்டியைத் தாங்கும் விசையில் ஒரு பங்கு வளைவின் மையத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. உரிய வேகத்தில் போனால் உராய்வின் உதவியே வேண்டாம்.

விமானத்துக்கு ஏது சாலை? அதனால் தன்னையே சாய்த்துக்கொள்கிறது. இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுக்க, விமானம் திரும்புகிறது. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால், விமானிக்குத் தன் எடை இரண்டு மடங்கானதுபோல இருக்கும். சாய்ந்த சாலைக்கும் சாய்ந்த இறக்கைக்கும் கணக்கு ஒன்றே.

கொட்டகைக்குள் நிற்கும் நேப்பியர்-ரெயில்டனை விட்டு நகர மனம் வரவில்லை. ஒருவர் மட்டும் உட்காரும் வெள்ளி நிறக் கார், எஞ்சின் விமானத்துடையது. நான்கு நான்காக மூன்று வரிசையில் 12 சிலிண்டர், கொள்ளளவு கிட்டத்தட்ட 24 லிட்டர். நம் தெருவில் ஓடும் சின்னக் கார்கள் இருபதின் எஞ்சினை ஒன்றாகச் சேர்த்தது போல. பிரேக்கோ பின் சக்கரங்களுக்கு மட்டும்! 1935 அக்டோபர் 7 அன்று பந்தய வீரர் ஜான் காப் இதில் ஒரு சுற்றைச் சராசரியாக மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் முடித்தார். 1939-இல் பந்தயங்கள் நின்றுபோகும்வரை அதை யாரும் முறியடிக்கவில்லை. காப் சாதித்த மறு மாதம், நவம்பர் 6 அன்று, இதே வளாகத்திலிருந்துதான் ஹரிக்கேன் போர் விமானம் முதல்முறையாக எழும்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், விமானங்களின் பிரேக் பாராசூட்டைச் சோதிக்க இந்தக் காரைப் பயன்படுத்தினார்கள். விமானத்திடம் வாங்கிய கடனைக் கார் திருப்பிக் கொடுத்துவிட்டது.

கான்கார்டு விமானமும் அங்கே இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது வெலிங்டன் குண்டுவீச்சு விமானம். 1940-இன் கடைசி நாளில் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கியதை 1985-இல் வெளியே எடுத்தார்கள். துணி உறை போய்விட்டதால் உள்கூடு தெரிகிறது. பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் அதை மூங்கில் கூடை பின்னுவதுபோல அலுமினியக் கலவைப் பட்டைகளால் பின்னியிருக்கிறார். குண்டு பட்டு ஒரு பட்டை அறுந்தால் பாரத்தை மற்றவை பகிர்ந்துகொள்ளும். ஆயிரக்கணக்கில் கட்டியதில் இன்று உலகில் மிஞ்சியவை இரண்டே.

லண்டனின் வாட்டர்லூ நிலையத்திலிருந்து வெய்பிரிட்ஜுக்கு ரயில் உண்டு. பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகிறவர்கள், விமானங்களைக் காட்டும் முன் அந்தச் சரிவில் அவர்களைச் சற்று ஏறவிடுங்கள்.