ஊசி முறிந்தால்...

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் துணிக்கடைகள் நிரம்பி வழியும். அங்குத் தொங்கும் ஆயத்த ஆடைகளைத் தைத்த கைகள் பயிற்சி பெற்றவையா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், அணிபவரின் பாதுகாப்பும் தைப்பவரின் உயிரும் அப்பயிற்சியைச் சார்ந்தே உள்ளன.

தொழிற்சாலைத் தையல் இயந்திரம் நிமிடத்திற்கு 4000 தையல்களுக்கு மேல் போடக்கூடியது. அவ்வேகத்தில், தடித்த மடிப்பில் பட்டு ஊசி முறிவது வழக்கமே. பயிற்சி இல்லாதவர் உடனே வேறோர் ஊசியை மாட்டித் தைக்கத் தொடங்குவார். அன்றைய இலக்கை எட்ட வேண்டுமே என்ற கவலை அவருக்கு! முறிந்த துண்டு ஒரு குழந்தையின் சட்டைக்குள் தங்கிவிடக்கூடும். பயிற்சி பெற்றவரோ இயந்திரத்தை நிறுத்துவார். துண்டுகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார். முழு ஊசியையும் மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்த பிறகே புதிய ஊசியைப் பெறுவார். ஒரு துண்டு குறைந்தாலும் அருகிலுள்ள ஆடைகள் தனியே எடுக்கப்பட்டு, உலோகம் கண்டறியும் கருவியில் சோதிக்கப்படும். இதற்குச் சிறிது நேரம் செலவாகும்தான். ஏற்றுமதியான சரக்கு முழுவதும் திரும்பி வந்தால் ஏற்படும் இழப்போ மிகப் பெரிது.

துணி வெட்டும் பிரிவில் எஃகு வளையங்களால் பின்னிய கையுறை விரல்களைக் காக்கும். கையுறை வேலையைத் தாமதப்படுத்துகிறது என்று சிலர் அதைக் கழற்றி வைத்துவிடுவர். கையுறையை வாங்கிக் கொடுப்பதோடு முதலாளியின் கடமை முடிந்துவிடுவதில்லை.

பயிற்சி தொழிலாளர்களுக்கு மட்டும் போதுமா? 2012 நவம்பர் 24ஆம் நாள், வங்காளதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகிலுள்ள தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. எச்சரிக்கை மணி ஒலித்தும், வேலையைத் தொடருமாறு மேலாளர்கள் பணித்ததாக உயிர் தப்பியோர் கூறினர். 110க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மணி ஒலித்தவுடன் அனைவரையும் வெளியேற்ற வேண்டும் என்பது முதலில் மேலாளர்களுக்குப் பழக்கமாகியிருக்க வேண்டும்.

நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதை முதலாளியின் கடமையாக விதித்துள்ளது. ஆயினும், நம் தொழிற்சாலைகளில் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் ஆகிய நாடுகளைச் சேர்ந்தோரும் வேலை செய்கின்றனர். அவர்களுக்குப் புரியாத மொழியில் விதிமுறைகளை வாசித்துக் கையொப்பம் பெறுவது பயிற்சியாகாது. முறிந்த ஊசியைக் கையில் கொடுத்து, அடுத்து என்ன செய்வீர்கள் என்று செய்து காட்டச் சொல்ல வேண்டும்.