பாடத் தெரிந்தவரின் பேசாத படங்கள்

தேனாம்பேட்டை சிக்னல் பக்கம் இப்போது பேச்சு எடுபடுவதில்லை. மேம்பாலத் தூணுக்குக் குழி தோண்டும் இயந்திரம் ஒரு பக்கம், அதைச் சுற்றிக்கொண்டு திணறும் பேருந்துகளின் ஹாரன் ஒரு பக்கம். டீக்கடைக்காரர் 'சர்க்கரை கம்மியா?' என்பதைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டிக் கேட்கிறார். நான் தலையாட்டுகிறேன். ஓசையில்லாத நல்ல நடிப்பு, இரண்டு பேருடையதும்.

அந்தக் கடையோரம் நின்றுதான் போன வாரம் செல்போனில் ஒரு பழைய படம் பார்த்தேன். 1913இல் இங்கிலாந்தில் எடுத்த 'ஹாம்லெட்'. நடித்தவர் சர் ஜான்ஸ்டன் ஃபோர்ப்ஸ்-ராபர்ட்சன். லண்டன் மேடையில் பேர்போன ஹாம்லெட். பெர்னார்ட் ஷா 'சீசரும் கிளியோபாட்ராவும்' நாடகத்தை எழுதியதே இவரை மனதில் வைத்துத்தான். இவருடைய குரலைக் கேட்கவே கூட்டம் வரும். மேடைக்கு விடை கொடுத்த அந்த வருடத்தில், 60 வயதில், காமிரா முன் நின்றார். வசனத்தை விடாமல் பேசுகிறார். உதடு அசைகிறது, கண் கலங்குகிறது, கை எழுகிறது. ஒரு சொல் கேட்கவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. ஐந்து நிமிடம் போனதும் சிரிக்க முடியவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. எனக்கு டி.பி. ராஜலட்சுமி நினைவுக்கு வந்தார்.

ராஜலட்சுமி என்றதும் 'தமிழின் முதல் பேசும் பட நாயகி' என்று வினாடி வினாவில் பதில் சொல்லிவிடுவோம். அதற்கு முன்னால் அவர் பேசாத படங்களில் நடித்த கதையைத்தான் நாம் தாண்டிப் போய்விடுகிறோம். 1911இல் திருவையாற்றில் பிறந்தவர். தியாகராஜருடைய ஊர், பாட்டுக்குக் கேட்கவா வேண்டும். சிறு வயதிலேயே கல்யாணம், சிறு வயதிலேயே அது முறிந்தும் போயிற்று. தந்தையும் காலமான பிறகு தாயும் மகளுமாகத் திருச்சி வந்து சேர்ந்தார்கள். பிழைக்க வழி? குரல் ஒன்றுதான் கையிருப்பு. சி.எஸ். சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். முதல் நாடகம் 'பவளக்கொடி'. பெண் வேடத்தையெல்லாம் மீசை அரும்பாத பையன்கள் கட்டிக்கொண்டிருந்த காலம். பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி அரிதாரம் பூசி மேடை ஏறினால் ஊர் வாய் என்னவெல்லாம் பேசியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பிறகு கன்னையா கம்பெனி, பெரிய ராஜபார்ட் நடிகர்களோடு ஜோடி என்று பெயர் பரவியது.

அந்த நாடக மேடை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மைக் கிடையாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் கோழி கூவும்போது மங்களம். முன்னால் நாற்காலி, அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் தரை டிக்கெட். அந்தத் தரை டிக்கெட்டில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவனின் காதுக்குப் பாட்டு போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் விசில் வரும். ஐந்து கட்டை சுருதியில் பாடுவது அன்று சாகசமல்ல, தேவை. அதிலும் ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒத்திகையே இருக்காது. ஒரு நடிகர் மதுரையிலிருந்து வருவார், இன்னொருவர் காரைக்குடியிலிருந்து வருவார், மேடையில்தான் முகமே பார்த்துக்கொள்வார்கள். வள்ளியும் வேலனும் பாட்டிலேயே தர்க்கம் பண்ணுவார்கள். யார் பாட்டில் மடக்குகிறாரோ அவருக்கு 'ஒன்ஸ்மோர்'. நடிப்பெல்லாம் தொண்டைக்குள் இருந்தது. முகம் ஆர்மோனியத்தைப் போல ஒரு பக்கவாத்தியம்தான்.

இப்படி வளர்ந்த ஒருவரைத்தான் சினிமா கூப்பிட்டது. கூப்பிட்டு, பாட வேண்டாம் என்றது.

1929இல் ஏ. நாராயணன் சென்னையில் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் தொடங்கியிருந்தார். அவருடைய 'கோவலன்' ராஜலட்சுமிக்கு ஊமைப்படத்தின் வாசல். அடுத்து 'உஷா சுந்தரி', 'ராஜேஸ்வரி'. 'உஷா சுந்தரி'யை எடுத்தவர் ராஜா சாண்டோ. புதுக்கோட்டையின் பி.கே. நாகலிங்கம் பம்பாய்க்குப் போய், உடற்பயிற்சிக் கட்டுடம்பால் யூஜின் சாண்டோவின் பெயரைச் சேர்த்துக்கொண்டு, அங்கே ஊமைப்படங்களின் கதாநாயகனாகக் கொடிகட்டிப் பறந்து, சென்னைக்குத் திரும்பி அசோசியேட் பிலிம்ஸில் படம் இயக்கிக்கொண்டிருந்தார். கோபக்காரர், நடிகர்களைக் கை நீட்டிவிடுவார் என்று பின்னால் நிறையக் கதைகள் உண்டு. அவர் எடுத்த 'பேயும் பெண்ணும்' படத்துக்குக் கதை எழுதிக் கொடுத்துச் சினிமாவுக்குள் வந்த வக்கீல்தான் கே. சுப்ரமணியம். அவர் பின்னால் மறுபடி வருவார்.

ஊமைப்படம் என்றதும் அமைதியான இடத்தில் எடுத்திருப்பார்கள் என்று தோன்றும். நேர்மாறு. காமிராவைக் கையால் சுற்ற வேண்டும், அது கடகடவென்று ஓடும். ஒலி பதிவாகப் போவதில்லை என்பதால் இயக்குநர் காட்சி நடக்கும்போதே கத்திக்கொண்டிருப்பார்: 'திரும்பு... பாரு... இப்போ அழு!' பக்கத்து செட்டில் தச்சர் ஆணி அடிப்பதை யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். விளக்கு கிடையாது, வெயில்தான் வெளிச்சம். புரசைவாக்கத்தில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்த நாளிலிருந்து, தலைக்கு மேலே வெள்ளை மல்துணியைக் கட்டி வெயிலைச் சலித்து முகத்தில் விழவைப்பதுதான் வழக்கம். மேகம் வந்தால் எல்லோரும் குந்திக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டும்.

நிறமும் ஏமாற்றும். அன்று புழங்கிய ஆர்த்தோகுரோமாடிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமம், உதட்டுச் சாயம், கன்னத்து ரோஸ் எல்லாம் திரையில் கரியாகிவிடும். மேடையில் தரை டிக்கெட் வரை தெரியட்டும் என்று அப்பிக்கொண்ட அரிதாரம் இங்கே வேலைக்கு ஆகாது. மேடையில் கையை வீசிக் காட்டிய சோகத்தை இங்கே இமையால் காட்ட வேண்டும். அதுவும் ஒரு கை தூரத்தில் ஓடும் இயந்திரத்தைப் பார்க்காமல். தொண்டையில் வாழ்ந்த ஒருவருக்கு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்கச் சொன்ன பரீட்சை அது. சார்லி சாப்ளினுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவர் ஃப்ரெட் கார்னோவின் குழுவில் உடம்பால் பேசப் பழகி வந்தவர். ஊமைத்தனம் அவருக்கு வரம். ராஜலட்சுமிக்கு?

தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த மூன்று படங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நைட்ரேட் பிலிம் தீப்பெட்டி மாதிரி; பற்றினால் தண்ணீருக்கு அடியிலும் எரியும். எரியாததை வெள்ளி எடுக்க விற்றார்கள், விற்காதது பிசுபிசுத்துப் பொடியாயிற்று. தென்னிந்திய ஊமைப்படங்களில் இன்று நம்மிடம் இருப்பது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே. 1933இல் வந்தது, கதையின் பதிப்புரிமைத் தகராறில் தடைபட்டுப் பெட்டிக்குள் முடங்கிக் கிடந்தது. பின்னால் புனே திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் ஊராக ஓடியிருந்தால் அதுவும் தேய்ந்து ஒழிந்திருக்கும், வழக்கு வந்ததால் பிழைத்தது. அதை இயக்கிய பி.வி. ராவ்தான் அதே 1933இல் ராஜலட்சுமி நடித்த 'வள்ளி திருமண'த்தையும் இயக்கினார். அது கிடைக்கவில்லை. லண்டன்காரரின் ஹாம்லெட் என் உள்ளங்கையில் ஓடுகிறது. நம் வள்ளியைப் பார்க்க முடியாது. வயிற்றெரிச்சல்தான்.

ஊமைப்படம் ஓடிய கொட்டகையும் ஊமையல்ல. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று உரத்த குரலில் கதை சொல்வார். எழுத்து அட்டைகள் வரும்போது படிக்கத் தெரிந்தவர் படிக்காதவருக்காக வாய்விட்டுப் படிப்பார். ஆர்மோனியமும் தபலாவும் ஒரு மூலையில். ஒரே புரொஜெக்டர் என்றால் ஒவ்வொரு ரீலுக்கும் இடைவேளை. ஆக, எல்லோரும் சத்தம் போட்டார்கள், கதாநாயகியைத் தவிர.

1931 மார்ச்சில் பம்பாயில் 'ஆலம் ஆரா' பேசியது. அதை எடுத்த இம்பீரியல் கம்பெனியின் அர்தேஷிர் இரானி, அதே அரங்க அமைப்புகளில் தெற்கத்திக்காரர்களுக்கும் ஒரு படம் எடுக்க நினைத்தார். எச்.எம். ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்'. ராஜலட்சுமி தமிழில் பேசினார், நாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பேசினார், எல்.வி. பிரசாத் இந்தியில் பேசினார். யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை. மேடையில் மூன்று ஊர்க்காரர்கள் ஒத்திகையின்றி வந்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது என்ன புதுசு? பாட்டு ஐம்பது என்பார்கள். மதுரை பாஸ்கரதாஸின் தேசியப் பாட்டுகளும் காளிதாசன் கதைக்குள் நுழைந்திருந்தன, சம்பந்தம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. 1931 அக்டோபர் 31 அன்று கினிமா சென்ட்ரலில், பின்னாளைய முருகன் டாக்கீஸில், வெளியானது. பம்பாயிலிருந்து வந்து இறங்கிய பிலிம் பெட்டிக்கு வால்டாக்ஸ் சாலையில் பூப்போட்டு, தேங்காய் உடைத்து, ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கதை. பெட்டிக்குள் இருந்தது என்ன? ஏற்கெனவே அவர்கள் இரவு முழுக்கக் கண்விழித்துக் கேட்ட குரல்தான்.

அடுத்த வேடிக்கை ஸ்டூடியோக்களில் நடந்தது. பேசும் படம் வந்ததும் படப்பிடிப்புத் தளம் ஊமையாக வேண்டியதாயிற்று. ஊமைப்பட நாராயணனே 1934இல் சென்னையில் ஒலிப்பதிவு ஸ்டூடியோ தொடங்கி 'சீனிவாச கல்யாணம்' எடுத்தார். ஒலிப்பதிவைக் கவனித்தவர் அவர் மனைவி மீனா நாராயணன். கே. சுப்ரமணியம் அதே ஆண்டு அடையாறு பக்கம் 'பவளக்கொடி' எடுத்தார். வெயிலில் திறந்தவெளிப் படப்பிடிப்பு. படக்குழுவின் சாப்பாட்டு இலைக்கு வந்த காக்கைகள் பாட்டின் நடுவில் கரைந்தன. காக்கையைச் சுட்டு விரட்டத் துப்பாக்கியோடு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தார்களாம். எங்கள் தேனாம்பேட்டையிலும் அந்த நாட்களில் எல்டாம்ஸ் சாலை டன்மோர் பங்களாவில் வேல் பிக்சர்ஸ் இயங்கியது. தோட்டமும் மதிலுமாக இருந்த பேட்டை, அதனால்தான் ஒலிப்பதிவுக்குத் தோதுப்பட்டது. இன்று எல்டாம்ஸ் சாலையில் நின்று 'சைலன்ஸ்' என்று யாராவது கத்தினால் ஆட்டோக்காரர் சிரிப்பார். கொஞ்சம் வடக்கே, இப்போது ஜெமினி மேம்பாலம் வளைகிற இடத்தில், சுப்ரமணியத்தின் ஸ்டூடியோ இருந்தது. அது தீப்பிடித்து ஏலத்துக்கு வந்தபோது எஸ்.எஸ். வாசன் எண்பத்தாறாயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு வாங்கி ஜெமினி ஆக்கினார்.

ராஜலட்சுமி அதற்குள் இன்னொரு படி ஏறியிருந்தார். 1936இல் 'மிஸ் கமலா'. தன் நாவலையே கதையாக்கி, சொந்தமாகத் தயாரித்து, இயக்கி, நடித்தார். தென்னகத்தில் ஒரு பெண் இயக்கிய முதல் படம். அந்த வருடம் பிறந்த மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். 'திரும்பு, பாரு, அழு' என்று கேட்டுக்கொண்டு நடித்தவர், ஏழே வருடத்தில் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டார். ஆண்கள் மட்டுமே மெகாபோன் பிடித்த காலத்தில் இதை எப்படிச் சாதித்தார் என்பதைப் படத்தைப் பார்த்தாவது ஊகிக்கலாம் என்றால், அந்தப் படமும் இல்லை.

1938இல் ஏ.வி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' வந்தது. சிறுவன் கிருஷ்ணனாக டி.ஆர். மகாலிங்கம், யசோதையாக ராஜலட்சுமி. அந்தப் படத்தில் ஒரு நடிகையின் பாட்டு மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாடவைத்து, அந்தக் குரலை இந்த முகத்தின் மேல் ஏற்றினார்கள். தமிழ் சினிமாவில் பின்னணிப் பாட்டு அங்கே தொடங்கியது. முகம் ஒருவருக்கு, குரல் ஒருவருக்கு. அதே படத்தில், யசோதை தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டிருந்தாள்.